சிவப்பு மேலே

முந்தாநாள், நான் முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்தவள். வெளிநாட்டுப் பையரிடம் ஆர்டர் பேசி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை அதன் பின்னாலேயே அலைகிற வேலை. குரலிலேயே மூச்சு வாங்கியது.

"மேடம், சாம்பிள் ரூமைக் காலி பண்றோமுங்க. ஆறு கலர்ல கோடு கோடா ஒரு கொடி இருக்குதுங்களே, அதுக்கு இந்த வருசம் ஆர்டர் இல்லைன்னுட்டாங்க. இனிமேலும் வராதாட்ட இருக்குதுங்க. பெட்டி மேல உங்க கையெழுத்து இருந்துதுங்க. அதான் கேட்டேன். வெட்டிப் போட்டறலாமுங்களா?"

"ஏன் கண்ணு வராதாம்?"

"தெரியலீங்க மேடம். அங்க இப்ப அதெல்லாம் பழைய மாதிரி எடுக்கறதில்லையாமுங்க."

ரெண்டு நாள் பொறு என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று அந்தப் பெண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

சோமனூரில் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் மெதுவாகப் பேச வராது. கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். பிசிறு வெட்டினேன், செக்கிங் மேசைக்கு நகர்ந்தேன், கடைசியில் பைனல் செக்கிங் முழுவதற்கும் பொறுப்பானேன். நடுவில் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். என்னைச் 'சரசக்கா' என்பார்கள். நான் இல்லாத இடத்தில் வேறு பெயர் உண்டு என்றும் தெரியும். ஒரு தையல் தாண்டினாலும் பீஸைத் திருப்பி எறிகிறவளுக்கு யார் நல்ல பெயர் வைப்பார்கள்?

எனக்கு மேலே வேலுச்சாமி சார் இருந்தார், குவாலிட்டி மேனேஜர். மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவர் பேச்சில் 'ங்க' கூடும், அவ்வளவுதான். பழுதான பீஸை எடுத்துக்கொண்டு தைத்தவர் முன்னால் போய் நிற்பார். "ஏனுங்க, இதை உங்க ஊட்டுப் புள்ளைக்குப் போட்டு உடுவீங்களாங்க?" என்பார். அதற்குப் பதில் கன்னத்தில் ரெண்டு வைத்திருக்கலாம் என்று டெய்லர்கள் புலம்புவார்கள். கலர் பார்க்க லைட் பாக்ஸ் இருந்தது. அதில் பார்த்த பிறகும் துணியை ஜன்னலுக்கு எடுத்துப் போவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புறங்கையால் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார்.

ரிஜெக்ட் ஆன பீஸை வெட்டித்தான் கழிவுக்கு அனுப்ப வேண்டும். பையர் பெயர் போட்ட சரக்கு பழுதோடு சந்தைக்குப் போய்விடக் கூடாது என்பது ஒப்பந்தம். மற்ற கம்பெனிகளில் ஆளை வைத்து வெட்டுவார்கள். எங்கள் சார் தன் கையாலேயே வெட்டுவார். மேசையில் பீஸை விரித்து, சுருக்கம் நீவி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரே வெட்டு. பிறகு அடுத்தது. வெட்டி முடிக்கிறவரை யாரோடும் பேச மாட்டார். வெட்டாத ரிஜெக்ட் ஒன்று கூட அவர் காலத்தில் கேட்டைத் தாண்டியதில்லை.

அந்தக் கொடி எங்களிடம் வந்த முதல் வருஷம் நான் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஆறு பட்டைத் துணி, ஒன்றோடொன்று ஓவர்லாக் அடித்து, மேலே பிளாட்லாக் தையல். தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிற அளவு பெரிது. முதல் லாட் என் மேசைக்கு வந்ததும் நான் கலரை எண்ணினேன். ஆறு. வானவில்லுக்கு ஏழு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லும். லாட் முழுவதையும் நிறுத்திச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, "ஒரு கலரை எங்கீங்க தின்னுட்டீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வேலுச்சாமி சார் வந்தார். ஒரு கொடியை எடுத்து விரித்தார்.

"ஆறுதானுங்க. இது வானவில் இல்லீங்க, கொடி."

"எந்த நாட்டுக் கொடிங்க சார்?"

"நாட்டுக் கொடி இல்லீங்க. ஆம்பளையும் ஆம்பளையும், பொம்பளையும் பொம்பளையும் சேர்ந்து வாழறவங்க இருக்காங்கல்லீங்க, திருநங்கைங்க இருக்காங்க, அவங்க எல்லாத்துக்கும் பொதுவான கொடிங்க. ஒளிஞ்சுக்காம, நாங்களும் இருக்கறோமுன்னு தூக்கிப் புடிச்சுட்டு ஊர்வலம் போவாங்களாமுங்க. சிவப்பு மேல வரோணும். மடிச்சாலும் சிவப்பு மேல தெரியோணும். அதைப் பாத்தீங்கன்னாப் போதும், ஸ்டிக்கரை எடுத்துருங்க."

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது வரிசையாகப் பரவியது. தமிழ் தெரியாத பீகார் பையன் பக்கத்து மிஷின்காரனிடம் "க்யா போலா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். பொய் சொல்வானேன், நானும்தான் சிரித்தேன்.

பிளாட்லாக் மிஷினில் இருந்த அமலி மட்டும் எழுந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். நாள் முழுக்கப் பேசச் சொன்னால் பேசுகிறவள். அன்று குரல் எழும்பவில்லை.

"அவங்களுக்கும் கொடி உண்டுமா சார்?"

"உண்டுங்களே. நீங்கதானுங்க தைக்கறீங்க" என்றார் சார்.

அவள் உட்கார்ந்து மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். அந்த ஆர்டர் முடிகிறவரை மற்ற வேலைக்கு மாற்றினால் சண்டைக்கு வந்தாள். டெய்லர் கைக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கிற பெண்கள் பட்டையை மாற்றி வைத்துவிட்டால், "ஏட்டி, செவப்பு மேல!" என்று அவள் போடுகிற சத்தம் கேட் வரைக்கும் கேட்கும்.

அமலி தைத்ததை மடிப்பது கலாமணி. என் பிரிவில் பேக்கிங் மேசையில் நின்றவள், வெள்ளகோவில்காரி. அமலிக்கு நேர் எதிர். நான்கு முறை கேட்டால் ஒரு முறை பதில் வரும். இரண்டு பேரும் ஒரே லைன் வீட்டில், ஒரே அறையில் குடியிருந்தார்கள். அக்கா தங்கச்சி என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி "வாங்க போங்க" என்றும் மற்றவள் "வாட்டி போட்டி" என்றும் பேசுவதைக் கேட்டும் அந்த மனிதர் நம்பினார். வாடகை சரியாக வந்தால் எதையும் நம்பலாம். மத்தியானச் சோற்றுக்கு ஒரே தூக்குப்போசி. கலாமணி மீன் சாப்பிடப் பழகியதே அமலிக்காகத்தான். அமலி முள்ளெடுத்து வைப்பாள், இவள் பயந்து பயந்து சாப்பிடுவாள். வெள்ளகோவிலிலிருந்து கலாமணியின் அண்ணன் மாப்பிள்ளை ஜாதகங்களோடு வந்துகொண்டிருந்தார். பிறகு ஜாதகம் நின்றது, அவர் வருவதும் நின்றது.

எனக்கு எப்போது புரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் டீ நேரத்தில் எதையோ எடுக்கப் பேக்கிங் ரூமுக்குப் போனேன். அமலியின் தோளில் கலாமணி ஒரு கொடியைப் போர்த்திவிட்டிருந்தாள். சிவப்புப் பட்டை கழுத்தை ஒட்டி இருந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் இரண்டு பேரும் வெலவெலத்துப் போனார்கள்.

"சைஸ் பாக்கறமுங்க்கா" என்றாள் கலாமணி.

"பாத்துட்டு ஒழுங்கா மடிச்சு வைங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்த ரூமுக்குள் போகும்போதெல்லாம் செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு போனேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

அடுத்த வருஷ ஆர்டரின் முதல் லாட் ஓடிக்கொண்டிருந்த மார்கழியில் ஊரெல்லாம் காய்ச்சல். அமலி இரண்டு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். கூட இருப்பவர் யார் என்று கேட்டதற்குக் கலாமணி "அக்கா" என்றாள். ஊரிலிருந்து அமலியின் அண்ணன் வரும்வரை அது செல்லுபடியானது. அவர் வந்ததும் டாக்டரும் நர்ஸும் அவரிடம் மட்டும் பேசினார்கள். நல்ல மனிதர்தான், கலாமணிக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். "ரூம்ல கூட இருக்க புள்ள, ரொம்ப உதவி" என்று எல்லாரிடமும் சொன்னார். கலாமணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே உயிர் போனதை அவளுக்கு ஒரு ஆயாம்மா வந்து சொன்னார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோகிற வண்டியில் சொந்தக்காரர்களுக்கே இடம் போதவில்லை. எங்களைக் கம்பெனி வேனில் வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கலாமணி நேராகக் கம்பெனிக்கு வந்தாள், என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு கொடி வேணுமுங்க. அவளுக்குப் போடோணும். சார்கிட்ட நீங்க கேளுங்க்கா."

வேலுச்சாமி சார் ரிஜெக்ட் வெட்டிக்கொண்டிருந்த நேரம். அவரிடம் அந்த நேரத்தில் யாரும் போக மாட்டார்கள். நாங்கள் போய் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் கலாமணியே பேசிவிட்டாள். நான்கு முறை கேட்டால்தான் பேசுகிறவள்.

"சார், அதுல ஒண்ணே ஒண்ணு வெட்டாமக் குடுங்க சார்."

அவர் கத்தரியை வைக்காமல் நிமிர்ந்தார். "எதுக்குங்க?"

"அமலிக்குப் போத்தறக்குங்க."

சார் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தரியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். 

"ரிஜெக்ட் வேண்டாங்க" என்றார். "போறவங்களுக்குப் பழுதான பீஸைக் குடுக்கக் கூடாதுங்க. சரசம்மா, பாஸ் ஆனதுல அமலி தச்சது இருக்குதுங்களா?"

இருந்தது. எந்த மிஷினில் தைத்தது என்று ஒவ்வொரு பீஸிலும் ஸ்டிக்கர் உண்டு, ஆனால் எனக்கு அது தேவைப்படவில்லை. தையலை முடிக்கிற இடத்தில் அமலி ஒரு தட்டு தையல் கூடுதலாக அடிப்பாள். நூல் பிரியாதாம். அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். சார் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பட்டையாகப் புறங்கையால் தடவிப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு சிவப்பு மேலே வருகிற மாதிரி மடித்து, கேட் பாஸில் தானே கையெழுத்துப் போட்டு, கலாமணியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கடல் காற்றில் பந்தல் துணி படபடத்தது. பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் மாலையும் துணியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலாமணி வரிசையில் நின்றாள். சொந்தக்காரர்கள் முடிந்து, ஊர்க்காரர்கள் முடிந்து, கடைசியாக எங்கள் முறை. அவள் கொடியை விரித்து அமலியின் மேல் போர்த்தினாள். அன்று பேக்கிங் ரூமில் போர்த்தியது போலவே, சிவப்பைக் கழுத்தோடு ஒட்டி வைத்தாள்.

அமலியின் தாய்மாமன் வேகமாக வந்தார். வெள்ளை வேட்டி, சிவந்த கண். அழுது ஓய்ந்த முகம்.

"என்னம்மா கொடி போடுதிய? எந்தக் கட்சி இது? எங்க வீட்டுல யாரும் எந்தக் கட்சியிலயும் கெடையாது. எலெக்சன் நேரம் வேற, நாளைக்கு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துரும். தப்பா நெனைக்காதீங்க, எடுத்துருங்க."

அவரே எடுத்தார். மரியாதையாகத்தான், மடித்து அவள் கையில் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊரில் கொடி என்றால் கட்சி, அல்லது சங்கம். செத்தவர் மேல் கொடி போர்த்தினால் அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று ஊர் பார்க்கும். அவர் அந்தக் கவலையில் பேசினார். என்ன கொடி என்று தெரிந்து எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கலாமணி கொடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் கொடி பெட்டிக்குள்ளே போகாது. அது மட்டுமா, அமலியை அந்த ஊர் என்ன பேசும், அவளைப் பெற்ற அம்மா எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? கத்திப் பேசியே வளர்ந்தவள் நான், அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

"கொடி இல்லீங்க" என்றாள் கலாமணி. "துணிதானுங்க. கம்பெனித் துணி. அமலி தச்சது."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அமலியின் அம்மா எழுந்தார். "எம்புள்ள தச்சதா? குடும்மா, நான் பாக்கேன்." வாங்கித் தையலின் மேல் விரலை ஓட்டினார். அந்தக் கூடுதல் தட்டில் விரல் நின்றதை நான் பார்த்தேன். "இது கெடக்கட்டும் தம்பி, அவ தச்சது அவளோட போட்டும்" என்று மாமனிடம் சொல்லிவிட்டு, மகள் மேல் விரித்தார்.

தலைகீழாக விரித்துவிட்டார். ஊதா கழுத்தில் இருந்தது, சிவப்பு கால்மாட்டில் கிடந்தது. கலாமணியின் கை தானாக முன்னால் போனது. பாதியில் நின்றது. துணிதான் என்று சொல்லியாகிவிட்டது. துணிக்கு ஏது மேல், ஏது கீழ்? அந்தக் கை மெல்ல இறங்கியது. இந்த ஜென்மத்தில் அதை மறக்க மாட்டேன்.

வராத குரல் எனக்கு அப்போது வந்துவிட்டது. "அம்மா, அதுக்கு மேல் கீழ் இருக்குதுங்க. செவப்பு மேல வரோணும்."

"அப்படியா?"

"ஆமாங்க. அமலி எல்லார்த்துகிட்டயும் அப்படித்தானுங்க சொல்லுவா. கைமடிக்கிற புள்ளைக மாத்தி வெச்சாச் சத்தம் போடுவா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கலாமணியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் என்ன இருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. "நீ அந்தப் பக்கம் பிடிம்மா" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பிப் போட்டார்கள். சிவப்பு கழுத்துக்கு வந்தது. கலாமணி ஓரத்துச் சுருக்கத்தையெல்லாம் உள்ளங்கையால் நீவிவிட்டாள். பேக்கிங் மேசையில் கொடி மடிக்கும்போது செய்வது அதுதான். பிறகு பெட்டியை மூடினார்கள்.

திரும்பி வருகிற வேனில் மதுரை தாண்டும்வரை அவள் அழவில்லை. பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"கொடி இல்லைன்னு சொல்லிட்டனுங்க்கா."

"வேற என்ன கண்ணு சொல்றது?"

"அவளைப் பக்கத்துல வெச்சுட்டே சொல்லிட்டனுங்க்கா. அவ கேட்டிருப்பாளுங்களா?"

தலையைத் தடவிக்கொடுத்தேன். அப்போது அழ ஆரம்பித்தவள், ஊர் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் வேலுச்சாமி சார் என் மேசைப் பக்கம் வந்தார்.

"போட்டீங்களாங்க?"

"போட்டோமுங்க சார்."

"சிவப்பு?"

"மேலதானுங்க."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அதன் பிறகு வந்த கொடி ஆர்டர்களில் பேக்கிங்குக்குக் கலாமணியைத்தான் போடச் சொல்வார். வருஷத்தில் அந்தச் சில வாரங்கள் அவள் சாப்பிடக் கூட மேசையை விட்டு நகர மாட்டாள். ஒவ்வொரு கொடியையும் நீவி, சிவப்பு மேலே வைத்து மடிப்பாள். அதெல்லாம் கப்பலேறிப் போய், எங்கேயோ ஒரு ஊரில் யாரோ பயமில்லாமல் தூக்கிப் பிடித்திருப்பார்கள். இப்போது அந்த ஆர்டரும் இல்லை.

அந்த மெர்ச்சண்டைசர் பெண் போன் செய்த மறுநாள் கலாமணியைக் கூப்பிட்டேன். இன்னும் அங்கேதான் வேலை, அதே அறையில்தான் குடி. சாம்பிள் ஒன்று இருக்கிறது, வெட்டப் போகிறார்கள், கேட் பாஸுக்கு நான் சொல்கிறேன், நீ எடுத்துக்கொள் என்றேன். 

"வேண்டாங்க்கா" என்றாள். "ஊட்ல வெச்சிருந்தா ஆராச்சும் என்னன்னு கேப்பாங்க. இன்னொருக்காத் துணின்னு சொல்ல என்னால ஆகாதுங்க."

அதனால், மெர்ச்சண்டைசர் கண்ணு, அந்தச் சாம்பிளை வெட்டாதே. இப்போது இருக்கிற மேனேஜரிடம் நான் பேசிவிட்டேன். கேட் பாஸ் போட்டு என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. கூடத்து அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். யாராவது என்னவென்று கேட்டால், கொடி என்று சொல்லுவேன்.